மீண்டும் களமிறங்குவது எப்போது? முழங்கால் காயமுற்ற கல்லூரிக் கபடி வீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும்

பழனி மலைத்தொடரின் மேலும் கீழும் உள்ள ஊர்களில் தைப் பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களை ஒட்டியும் மின்விளக்கு வெளிச்சத்தில் இரவெல்லாம் கபடிப் போட்டிகள் நடைபெறுவது வழக்கம். அந்த மண்களங்களில் ஆடிப் பழகிய இளைஞர்களே பின்னர்க் கல்லூரி அணிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் செல்கின்றனர். அவர்களுள் சிலர், முழங்கால் வீங்கிய நிலையில், நண்பர் இருவரின் தோள்களில் கைபோட்டு மருத்துவமனை வாயிலை வந்தடைகின்றனர். உடன் வரும் பெற்றோரின் முதல் வினா, "பழையபடி நடப்பானா?" என்பதாகும். இளைஞரின் முதல் வினாவோ, "மறுபடி எப்போது ஆடலாம்?" என்பதாகும்.

பெற்றோரின் வினாவுக்கு விடை பெரும்பாலும் ஆறுதலானதே. முறையான சிகிச்சையும் பயிற்சியும் பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் இயல்பாக நடக்கின்றனர். இளைஞரின் வினாவுக்கு விடை அவ்வளவு எளிதன்று. உரிய காலத்துக்கு முன் களமிறங்கி, அறுவை சிகிச்சை செய்த முழங்காலை இரண்டாம் முறை சேதப்படுத்திக்கொள்வோர் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய கல்வியும் வேலையும் அந்த ஒரு முழங்காலை நம்பியிருக்கும் குடும்பங்களில், இந்த வினாவின் கனம் இன்னும் அதிகம். அதற்கான விடையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிடிப்பவரின் முழங்கால்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தில், எதிரணியினரை நெஞ்சோடு நெஞ்சு மோதித் தடுத்து நிறுத்தும் தற்காப்பு முன்வரிசை வீரர்கள் உண்டு. நம் கபடியில் அவர்களுக்கு ஒப்பானவர்கள் பிடிக்கும் வீரர்கள். ஓரங்களில் நிற்கும் கார்னர் வீரர், பாடி வருபவரின் கணுக்காலையோ தொடையையோ பற்றுகிறார். அவரை அடுத்து நிற்கும் கவர் வீரர், தோளால் மோதி அவரை எல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளுகிறார். ஆடவர் கபடி ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறுகிறது. ஒரு பாடலுக்கு 30 வினாடிகள். அதற்குள் பிடிப்பவர் தாழ்ந்து நிற்கிறார், பக்கவாட்டில் நகர்கிறார், திடீரென்று பாய்கிறார், பாய்ந்த வேகத்தை ஒரே காலில் நிறுத்துகிறார். அந்நேரத்தில் மேலே இரண்டு மூன்று பேர் விழுவதும் உண்டு.

பாதம் தரையில் ஊன்றியிருக்க, முழங்கால் உள்நோக்கி மடங்க, உடல் வேறு திசையில் திரும்பும் அந்த நொடியே முழங்காலுக்குப் பெரும் ஆபத்தானது. எவரும் இடிக்காமலேயே அந்நொடியில் உள்ளிருக்கும் தசைநார் அறுந்துபோகலாம். மண்தரையில் கால் சற்று வழுக்கிக்கொடுக்கும். விரிப்பின்மேல் காலணியுடன் ஆடும்போது பாதம் பிடித்துக்கொள்ள, திரும்பும் விசை முழுவதும் முழங்காலுக்கு ஏறுகிறது. மண்ணில் பழகியவர் விரிப்புக்கு மாறும் முதற்பருவத்தில் கூடுதல் கவனம் தேவை என்பதற்கு இதுவே காரணம்.

ஓர் ஆண்டின் கதை

இதற்கு நாடறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022-ஆம் ஆண்டு புரோ கபடி ஏலத்தில் பவன் ஷெராவத்தைத் தமிழ்த் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அப்போட்டியின் வரலாற்றில் அதுவரை எந்த வீரருக்கும் அத்தனை பெரிய தொகை அளிக்கப்பட்டதில்லை. அவ்வாண்டு அக்டோபர் 8 அன்று குஜராத் அணிக்கெதிரான முதல் ஆட்டம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே, பாடி வந்தவரைப் பிடிக்க முயன்றபோது அவருடைய முழங்காலில் காயம் ஏற்பட்டது. தூக்குப்படுக்கையில் களத்தைவிட்டு வெளியேறிய அவர், அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை.

பாடுவதில் புகழ்பெற்ற வீரர், பிடிக்கும் முயற்சியில் காயமுற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்து அவர் இந்திய அணியின் தலைவராக ஆடியது 2023 ஜூன் இறுதியில், தென்கொரியாவின் பூசான் நகரில் நடைபெற்ற ஆசியக் கபடிப் போட்டியில். காயத்திற்கும் அதற்கும் இடையே எட்டு மாதங்களுக்கு மேல் கடந்திருந்தன. 2023 அக்டோபர் 7 அன்று, சீனாவின் ஹாங்சௌ நகரில், அவர் தலைமையில் இந்திய அணி ஈரானை 33-29 என்ற கணக்கில் வென்று ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. காயமுற்ற நாளிலிருந்து எண்ணினால் ஓராண்டுக்கு ஒருநாள் குறைவு.

தனி இயன்முறை மருத்துவர்களும் பயிற்சி வசதிகளும் வாய்க்கும் தேசிய வீரருக்கே இத்தனை காலம் தேவைப்பட்டது. நம் ஊர்க் கல்லூரி மாணவர் மூன்று மாதங்களில் ஆடத் துடிப்பதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"ஜவ்வு கிழிந்தது" என்றால் என்ன?

முழங்கால் காயம் எதுவாயினும் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்றே மக்கள் கூறுவர். இச்சொல் இரு வேறு உறுப்புகளைக் குறிக்கப் பயன்படுகிறது. எது கிழிந்தது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையும் காத்திருக்க வேண்டிய காலமும் மாறுவதால், மருத்துவரிடம் இதனைத் தெளிவாகக் கேட்டறிதல் நன்று.

முதலாவது, தசைநார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் நான்கு முதன்மையான தசைநார்கள் கட்டி வைத்திருக்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டு இரண்டு. நடுவிலுள்ள இரண்டில் முன்பக்கம் இருப்பது முன்குறுக்குத் தசைநார். "ஏ.சி.எல்." என்று அறிக்கைகளில் காணப்படுவது இதுவே. கீழ்க்கால் முன்னே நழுவாமலும் அளவுக்கு மீறித் திரும்பாமலும் இது காக்கிறது.

இரண்டாவது, பிறை வடிவக் குருத்தெலும்பு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே இரண்டு மெத்தைகள் போல் அமைந்து, உடல் எடையை இவை பரப்பித் தாங்குகின்றன. தசைநார் அறும்போது இம்மெத்தைகளும் சேர்ந்து கிழிவது உண்டு. அறுந்த தசைநாரோடு தொடர்ந்து ஆடினால், கால் பிசகும் ஒவ்வொரு முறையும் இம்மெத்தைகள் மேலும் நைந்து, பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. இருபது வயதில் ஆடிய ஓர் ஆட்டத்தின் விலையை நாற்பது வயதில் செலுத்த நேரிடலாம்.

அடிபட்ட நாளில் செய்யத்தக்கன, தகாதன

முன்குறுக்குத் தசைநார் அறும்போது "டப்" என்று ஓர் ஒலியைக் கேட்டதாக அல்லது உணர்ந்ததாகப் பலர் கூறுகின்றனர். சில மணி நேரத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்குகிறது. சில நாட்களில் வீக்கமும் வலியும் தணிய, "சரியாகிவிட்டது" என்ற எண்ணம் எழுகிறது. ஆயினும் திரும்பும்போதோ படியிறங்கும்போதோ கால் தன்னைவிட்டு நழுவுவதுபோல் தோன்றும். வலி குறைந்தது தசைநார் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம் அன்று.

அடிபட்டவுடன் ஆட்டத்தை நிறுத்துக. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் வைக்கலாம். நெகிழ்வுக் கட்டைச் சற்று அழுத்தமாகக் கட்டி, காலை உயர்த்தி வைக்கவும். முதல் சில நாட்களில் எண்ணெய் தேய்த்து உருவுதல், சுளுக்கெடுத்தல், சூடான ஒத்தடம், இறுக்கிப் பத்துப் போடுதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். உள்ளே இரத்தம் கசிந்திருக்கும் மூட்டை உருவினால் கசிவும் வீக்கமும் கூடும். அன்பினால் செய்யப்படும் இவ்வுதவி தீங்காக முடிவதை நாம் விரும்புவதில்லை.

முழங்கால் உருமாறித் தோன்றினால், பாதம் குளிர்ந்தோ வெளிறியோ மரத்தோ போனால், அது நிமிடங்களை எண்ண வேண்டிய அவசரம். மூட்டு இடம்பெயரும்போது பின்னாலுள்ள இரத்தக் குழாய் சேதமுற்றிருக்கலாம். 108-ஐ அழைத்து, உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்க. மலைச்சாலையில் பயண நேரம் அதிகம் என்பதால், "விடிந்தபின் பார்க்கலாம்" என்று காத்திராதீர்.

அறுவை சிகிச்சை எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டியதில்லை. சுவீடன் நாட்டு மருத்துவர்கள் 121 இளைஞர்களிடம் மேற்கொண்டு 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மறுபிரிவினர் முதலில் பயிற்சி சிகிச்சை பெற்று, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை சிகிச்சை செய்துகொண்டனர். ஈராண்டுகளுக்குப் பின் இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் பிரிவினருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் அக்காலத்துக்குள் அறுவை சிகிச்சையின்றியே நலம் பெற்றனர்.

ஆகவே வயல்வேலை, கடைவேலை, அலுவலகப் பணி ஆகியவற்றுக்குத் திரும்ப விரும்புவோர் முதலில் பயிற்சியை முயன்று பார்ப்பது நியாயமான வழி. திரும்புதலும் பாய்தலும் மோதுதலும் நிறைந்த கபடிக்கே திரும்ப விழைவோர்க்கும், கால் அடிக்கடி நழுவுவோர்க்கும், தைத்துக் காக்கத்தக்க வகையில் பிறைக் குருத்தெலும்பு கிழிந்தோர்க்கும் அறுவை சிகிச்சை பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. முடிவெடுக்கும் முன் வீக்கம் வடிந்து, கால் முழுவதும் நீளத் தொடங்கியிருத்தல் நலம். சில வாரங்கள் பொறுத்திருப்பதால் பொதுவாக இழப்பு இல்லை. காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் செலவு அடங்குமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறிக.

அறுந்த நாரைத் தைத்து ஒட்டுவது பெரும்பாலும் வழக்கமில்லை. நோயாளியின் சொந்த உடலிலிருந்தே, தொடையின் பின்புறத் தசைநாணையோ முழங்கால் சில்லின் கீழுள்ள தசைநாணின் ஒரு பகுதியையோ எடுத்து, சிறு துளைகள் வழியே நுண்கருவி கொண்டு புதிய நாராகப் பொருத்துகின்றனர்.

நட்ட நாற்று வேர்பிடிக்கும் காலம்

இங்குதான் பெரும்பாலோர் தவறாகக் கணக்கிடுகின்றனர். பொருத்தப்பட்ட ஒட்டு, முதல்நாளே உறுதியான நாராகிவிடுவதில்லை. இடம் மாற்றி நட்ட நாற்று முதலில் வாடிப் பின்னர் வேர்பிடிப்பது போல, ஒட்டும் முதல் சில மாதங்களில் வலுக்குன்றிப் பின்னரே புது இரத்த ஓட்டம் பெற்று, மெல்ல மெல்லத் தசைநாராக உருமாறுகிறது. இம்மாற்றம் நிறைவுற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆறாம் வாரத்தில் வலியில்லை, மூன்றாம் மாதத்தில் கால் இலகுவாக இருக்கிறது. ஆயினும் உள்ளிருக்கும் நார் இன்னும் நாற்றுப் பருவத்தைத் தாண்டவில்லை.

முதல் இரண்டு வாரங்கள்: வீக்கத்தைக் குறைத்தல், காலை முழுவதுமாக நீட்டுதல், தொடையின் முன்தசையை விழிக்கச் செய்தல் என மூன்றே இலக்குகள். மூட்டு வீங்கியிருக்கையில் மூளை அத்தசைக்கு அனுப்பும் ஆணை தடைபடுகிறது. ஒரு வாரத்திலேயே தொடை மெலிவதற்கு இதுவே காரணம். படுக்கையில் முழங்காலின் கீழ்த் தலையணை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுக. சுகமாக இருப்பினும், மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். தலையணையைக் குதிகாலின் கீழ் வைத்தால் முழங்கால் தானே நீளும்.

மூன்றாம் வாரம் முதல் மூன்றாம் மாதம் வரை: ஊன்றுகோலின்றி, நொண்டாமல் நடத்தல், நிலைமிதிவண்டி ஓட்டுதல், சிறிதளவு முழங்கால் மடித்து எழுதல். பிறைக் குருத்தெலும்பு தைக்கப்பட்டிருந்தால் மடிக்கும் அளவுக்கும் எடை ஊன்றுவதற்கும் தனி வரம்புகள் உண்டு. அதனை உங்கள் மருத்துவர் எழுதித் தருவார்.

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை: தசையைப் பெருக்கும் எடைப் பயிற்சி, ஒற்றைக்கால் பயிற்சி. வீக்கமின்றி, போதிய வலிமை இருந்தால் நேர்கோட்டில் மெல்லோட்டம் தொடங்கும்.

ஆறாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை: குதித்தல், மென்மையாகத் தரைதொடுதல், திசைமாறி ஓடுதல். பிடிக்கும் வீரர், அசையாது நிற்பவரின் கணுக்காலைத் தாழ்ந்து பற்றிப் பழகலாம். அடுத்து மெல்ல நடந்து வருபவரை, அதன்பின் முன்னறிவித்துப் பாடி வருபவரைப் பிடிக்கலாம். முழு மோதலுக்கு இப்பருவத்தில் இடமில்லை.

ஒன்பதாம் மாதத்துக்குப் பின்: தேர்வுகளில் தேறினால் அணியோடு பயிற்சி. முதலில் சில நிமிடங்கள், பின்னர் ஒரு பகுதி, இறுதியில் முழு ஆட்டம்.

ஒன்பது மாதம் என்பது யார் சொன்ன கணக்கு?

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பதாம் மாதம் வரை, களம் திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போடுந்தோறும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று அவர்கள் கண்டனர். மற்றொரு தொகுப்பாய்வின்படி, 25 வயதுக்குக் குறைந்து மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பியவர்களுள் நால்வரில் ஒருவருக்கு நெருங்கிய அளவில், அதே முழங்காலிலோ மறு முழங்காலிலோ இரண்டாம் முறை தசைநார் அறுந்தது. இளமை இங்கு பாதுகாப்பு அன்று. இளையவரே கூடுதல் ஆபத்தில் உள்ளனர்.

நாட்காட்டி மட்டும் போதாது. ஒன்பது மாதங்கள் படுத்திருந்தவரும் ஒன்பது மாதங்கள் பயின்றவரும் ஒன்றல்லர். ஆதலால் களம் திரும்பும் முன் சில தேர்வுகள் உண்டு. காயமுற்ற காலின் தொடை வலிமை, நலமான காலின் வலிமையில் 90 விழுக்காட்டையேனும் எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவும் தூரமும் அவ்வாறே. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாயக் கூடாது. பயிற்சியின் மறுநாள் வீக்கம் இருத்தல் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இன்னும் சில வாரங்கள் பயிற்சி தொடரும். அதனைத் தோல்வியாகக் கொள்ள வேண்டா.

பின்னடைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாம்

மீட்சி நேர்கோட்டில் செல்வதில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராசன், 2020 டிசம்பர் முதல் 2021 சனவரி வரையிலான ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகைப் பன்னாட்டு ஆட்டங்களிலும் அறிமுகமானார். அதே ஆண்டு ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. மாதக்கணக்கில் உழைத்துச் செப்டம்பரில் திரும்பிய வேளையில் கொரோனாத் தொற்று. 2022-ஆம் ஆண்டின் ஐ.பி.எல். பருவத்தில்தான் அவர் மீண்டும் நிலைபெற்று, 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு பின்னடைவு தீர்ந்ததும் மற்றொன்று வருவது தனி ஒருவரின் தீயூழ் அன்று. காயத்திலிருந்து மீள்வோர் பலரின் அனுபவம்.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர் அவர். அடுத்த காமன்வெல்த் போட்டிக்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோ தூக்க முயன்றபோது தொடைத் தசையில் காயம் ஏற்பட்டது. இயன்முறை சிகிச்சை பெற்று, முழு வலிமை திரும்பாத நிலையில் 2018-இல் கோல்டு கோஸ்ட் நகரில் களமிறங்கினார். 317 கிலோவில் தங்கம் உறுதியானதும், கடைசி வாய்ப்பைத் தூக்காமலே விட்டுவிட்டார். தன் பழைய அளவினும் 11 கிலோ குறைவு. ஆயினும் அன்றைய உடல் தாங்கும் அளவை அறிந்து நின்றதே அந்த வெற்றியைக் காத்தது. தசைக் காயம் தசைநார்க் காயத்தைவிட விரைவில் ஆறக்கூடியது என்பதையும் இங்கு நினைவில் கொள்க. ஒருவரின் நாட்கணக்கை மற்றொருவர்க்குப் பொருத்துதல் தகாது.

மனம் ஆறும் காலம்

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியான தொகுப்பு ஒன்றின்படி, இவ்வறுவை சிகிச்சைக்குப் பின் 100 பேரில் 81 பேர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்புகின்றனர். 65 பேர் காயத்துக்கு முந்தைய நிலையை எட்டுகின்றனர். போட்டி ஆட்டத்துக்குத் திரும்புவோர் 55 பேர். எஞ்சியோருள் பலருக்கு முழங்கால் உறுதியாகவே இருக்கிறது. மீண்டும் அடிபடுமோ என்ற அச்சமே தடுக்கிறது.

இவ்வச்சம் கோழைத்தனம் அன்று. அதனை மறைத்துக் களமிறங்குபவர், பாயும் நொடியில் தயங்குகிறார். தயங்கிய காலே பிசகுகிறது. அச்சத்தை இயன்முறை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறினால், பயிற்சியை அதற்கேற்பப் படிப்படியாக அமைக்க இயலும். உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, உண்ண மறுத்தல் ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல ஆலோசனை பெறுக.

அணியிலிருந்து முற்றிலும் விலக்கி வைக்காதிருத்தலும் மருந்தே. புள்ளிக் கணக்கு எழுதுதல், இளையோருக்குப் பிடி முறைகளைச் சொல்லித்தருதல், எதிரணியினரின் ஆட்டத்தைக் கவனித்துக் குறிப்பெடுத்தல் ஆகியவற்றில் ஈடுபடுத்தலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில், பருவத்தின் தொடக்கத்திலேயே காயமுற்று விலகும் மாணவர், ஆடும் தகுதியாண்டு ஒன்றை இழக்காதிருக்க விண்ணப்பிக்கும் விதி உண்டு. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில், மாணவரின் காத்திருப்பு மதிக்கப்படுவது உடற்கல்வி ஆசிரியரின் சொல்லைப் பெரிதும் பொறுத்தது. எனவே மருத்துவரின் எழுத்துமூலக் குறிப்பை ஆசிரியரிடம் பெற்றோரே நேரில் கொடுத்து விளக்குதல் நலம்.

மலைவாழ் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களிலிருந்து வாரந்தோறும் இயன்முறை சிகிச்சைக்கு வந்து செல்வது எளிதன்று. ஆகவே வீட்டுப் பயிற்சியை முதல் வருகையிலேயே எழுதி வாங்கிக்கொள்க. ஒவ்வொரு பயிற்சியையும் மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை செய்துகாட்டி, கைப்பேசியில் பதிவு செய்துகொள்வது பயன்தரும்.

பேருந்தில் வளைவுச் சாலையில் இறங்குகையில் காலை நீட்ட இடமுள்ள இருக்கையைத் தேர்க. நெடும்பயணத்தில் கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் அசைத்தல் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும்.

சரிவில் ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கடினம். காப்பித் தோட்டத்திலும் பூண்டு, உருளைக்கிழங்கு விளையும் படிவயல்களிலும் வேலைக்குத் திரும்ப மருத்துவரின் இசைவு வேண்டும். படிகளில் ஏறுகையில் நலமான கால் முதலிலும், இறங்குகையில் காயமுற்ற கால் முதலிலும் செல்லட்டும்.

தரையோடு அமைந்த கழிப்பறையில் குந்துவது முதல் மாதங்களில் ஆகாது. நடுவில் துளையுள்ள நாற்காலியை முன்கூட்டியே ஏற்பாடு செய்க. சப்பணமிட்டு அமர்தலையும் தவிர்க்க.

குளிர்காலக் காலைகளில் மூட்டு இறுகியிருக்கும். கம்பளித் துணியால் காலைப் போர்த்தி, பத்து நிமிடங்கள் வீட்டுக்குள் நடந்தபின் பயிற்சியைத் தொடங்குக.

தைப்பூசப் பாதயாத்திரைக்கு வேண்டிக்கொண்டோர், அவ்வேண்டுதலை மறு ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம். பழனி மலைக்கோயிலுக்குச் செல்ல இழுவை ரயிலும் கம்பிவட ஊர்தியும் இருக்கையில், நூற்றுக்கணக்கான படிகளைப் புதிய தசைநாரின்மேல் சுமத்த வேண்டியதில்லை.

உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

அறுவை சிகிச்சைக்குப் பின் காய்ச்சலும் குளிரும் வருதல், தையலில் சீழோ மிகுந்த சிவப்போ தோன்றுதல், கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் ஏற்படுதல், முழங்கால் மடங்கவோ நீளவோ இயலாது பூட்டிக்கொள்ளுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே வருக. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் 108-ஐ அழைக்கத் தாமதிக்க வேண்டா.

வருமுன் காத்தல்

பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு வகுத்த "11 பிளஸ்" என்னும் முன்பயிற்சி முறை, வாரத்தில் இரண்டு முறையேனும் தவறாது செய்த அணிகளில் காயங்களைக் கணிசமாகக் குறைத்துள்ளது. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் போதும், கருவிகள் வேண்டா. மெல்லோட்டம், ஒற்றைக்கால் சமநிலை, தொடைப் பின்தசைப் பயிற்சி, முழங்கால் உள்சாயாமல் குதித்திறங்கல் ஆகியவை அதன் சாரம். கபடிக் களத்துக்கும் இவை அனைத்தும் பொருந்தும்.

பெண் வீரர்களுக்கு முன்குறுக்குத் தசைநார்க் காயத்தின் ஆபத்து ஆண்களைவிட அதிகம் என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. எனவே மகளிர் கல்லூரிகளின் அணிகளில் இப்பயிற்சியைக் கட்டாயமாக்குதல் சாலவும் நன்று. மேலும், ஆண்டெல்லாம் ஓய்ந்திருந்து திருவிழா வாரத்தில் ஓரிரவுக்கு நான்கைந்து ஆட்டங்கள் ஆடுவது உடலுக்குப் பெருஞ்சுமை. பயிற்சியின் அளவை வாரவாரம் சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும்.

ஒன்பது மாதம் என்பது இருபது வயது இளைஞருக்கு நெடுங்காலமாகவே தோன்றும். அக்காலத்தில் இரண்டு பருவப் போட்டிகள் கடந்துபோகலாம், அணியில் அவரது இடத்தில் வேறொருவர் நிற்கலாம். அவ்விழப்பு மெய்யானது, அதனைச் சிறிதென்று கூறி ஆற்ற முயல வேண்டா. இரண்டாம் முறை அறுந்த முழங்காலோ அதனினும் பல ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும் என்பதைப் பொறுமையுடன் எடுத்துரைப்பதும், நாள்தோறும் பயிற்சி நேரத்தில் அருகில் அமர்ந்திருப்பதும் குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவி. ஐயங்கள் இருப்பின், எலும்பு மூட்டுப் பிரிவிலோ இயன்முறை சிகிச்சைப் பிரிவிலோ தயங்காது கேளுங்கள். அடுத்த வருகையின்போது உங்கள் பழைய அறிக்கைகளையும் ஊடுகதிர், எம்.ஆர்.ஐ. படங்களையும் மறவாது கொண்டுவருக.